பாட்டனார் கண்ட காட்சிகள்

‘காட்சி’ என்னும் ஒரு சொல்லையே கண்ணுக்குப் புலப்படும் தோற்றத்திற்கும், அறிவுக்கு வாயிலான அளவைக்கும் தமிழில் வழங்கி வருகிறோம். கண்ணும் அறிவும் அத்துணை நெருக்கம். முதியோரைப் பொறுத்தவரை அந்நெருக்கமே ஒரு மயக்கத்திற்கும் இடந்தருகிறது. பார்வை மங்கியவர் சற்றுத் தடுமாறினாலும் ‘அறிவு மங்கிவிட்டது’ என்று வீட்டார் முடிவு கட்டிவிடுகின்றனர். இவ்விரண்டையும் பிரித்தறிய மருத்துவ உலகம் நடந்த வழி நெடியது.

தொடக்கம் ஜெனீவா நகரில். அசுவினிப் பூச்சி ஆண் துணையின்றியே குஞ்சு ஈனும் என்பதை இளமையிலேயே நிறுவியவர் சார்ல் போனே என்னும் இயற்கை ஆய்வாளர். 1760இல் அவர் வெளியிட்ட, ஆன்மாவின் ஆற்றல்களை ஆராயும் நூலில், தம் தாய்வழிப் பாட்டனார் சார்ல் லுலேனின் அனுபவத்தைப் பதிவு செய்தார். தொண்ணூறை நெருங்கிய பாட்டனார், கண்புரைக்கு அறுவை செய்துகொண்ட பின்னும் பார்வை பெரிதும் குன்றியிருந்தார். அவர் முன்னே மனிதர்கள், பறவைகள், வண்டிகள், கட்டடங்கள் எனப் பலவும் தோன்றி மறைந்தன. அவை மெய்யல்ல என்பதை அவர் நன்கறிவார். நினைவும் பகுத்துணர்வும் சிறிதும் குன்றவில்லை. மூளையில் பார்வைக்குரிய பகுதியிலேயே இத்தோற்றங்களின் காரணம் இருப்பதாகப் போனே கருதினார்.

லுலேன் தாமே சொல்லி எழுதுவித்த குறிப்பு 1902இல்தான் அச்சேறியது. 1936இல் ஜார்ஜ் த மோர்சியே இந்நிலைக்குப் போனேயின் பெயரைச் சூட்டினார். 1998இல் லண்டன் ஆய்வாளர்கள், இத்தகைய தோற்றங்கள் எழும்போது மூளையின் பார்வைப் புறணி தானே கிளர்வதைப் படமெடுத்துக் காட்டினர். போனேயின் ஊகம் பொய்க்கவில்லை. ஆயினும், பித்தரென்று எண்ணிவிடுவரோ என அஞ்சித் தாம் கண்டதை மறைக்கும் முதியோர் இன்றும் உளர்.

அறிவை அளக்கும் கருவியும் கண்ணையே நம்பியது. 1975இல் ஃபோல்ஸ்டைன் முதலியோர் வகுத்த 30 மதிப்பெண் சோதனையில், காட்டிய பொருளின் பெயர் சொல்லவேண்டும். வாக்கியத்தைப் படிக்கவேண்டும், எழுதவேண்டும். ஒன்றையொன்று வெட்டும் ஐங்கோணங்களைப் பார்த்து வரையவேண்டும். பார்வையற்றவர் இங்கே இழக்கும் மதிப்பெண் யாருடைய குறை?

எனினும் கண்ணுக்கும் அறிவுத் தேய்வுக்கும் தொடர்பே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. 70 முதல் 103 வயது வரையிலான 156 பேரை ஆராய்ந்த பெர்லின் அறிஞர்கள் லிண்டன்பெர்கரும் பால்டெஸும், அறிவாற்றலில் வயதால் விளைந்த வேறுபாட்டின் 93 விழுக்காட்டைக் கண், காது ஆகியவற்றின் கூர்மையைக் கொண்டே கணக்கிட முடிந்தது என 1994இல் எழுதினர். மூளையின் மூப்பே அனைத்திற்கும் பொதுக் காரணமாகலாம் என்பது அவர்கள் கருத்து. புலன் வழி வரும் செய்தி வறண்டால் மனமும் வறளும் என்பது வேறு சிலர் கருத்து.

2022இல் சியாட்டில் ஆய்வொன்று இரண்டாம் கருத்திற்கு வலுச் சேர்த்தது. 65 வயது கடந்த 3038 பேரில், கண்புரை அறுவை செய்துகொண்டோருக்கு மறதிநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்திருந்தது. இழந்த பார்வையை மீட்டுத்தராத கண்ணழுத்த அறுவையில் அத்தகைய குறைவு காணப்படவில்லை. இது காரணத்தை நிறுவும் சான்றன்று; ஆயினும் புறக்கணிக்கத்தக்கதும் அன்று. 2024இல் லான்செட் ஆணைக்குழு, மறதிநோய்க்கான மாற்றத்தக்க 14 காரணிகளுள் ஒன்றாகச் சிகிச்சை பெறாத பார்வைக் குறைவையும் சேர்த்தது.

ஆக, இவ்வரலாறு இரண்டைக் கற்பிக்கிறது. கண்ணின் குறையை அறிவின் குறையாக எண்ணுவது அநீதி. கண்ணைக் கவனியாது விடுவதோ அறிவையே பணயம் வைப்பது. ‘தாத்தாவுக்கு நிதானம் தப்பிவிட்டது’ எனத் தீர்ப்பெழுதுமுன், அவருடைய கண்ணாடி மாற்றி எத்தனை ஆண்டுகள் ஆயின என்று நாம் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.