வேறுபடுவதும் பழுதாவதும்: உணரி வலையமைப்பில் அண்டைக் கணுவின் சாட்சியம்

பினாங்கு லிட்டில் இந்தியாவின் கடைத்தெருவில், ஐந்தடி நடைபாதைத் தூண்களில் வெப்பத்தையும் ஒலியையும் அளக்கும் இருபது கம்பியில்லாக் கணுக்களைக் கட்டியிருப்பதாக வைத்துக்கொள்வோம். பத்தொன்பது கணுக்கள் 31 பாகையை ஒட்டி நிற்க, ஒன்று மட்டும் 39 காட்டுகிறது. அண்டைக் கணுக்களோடு ஒப்பிடும் வழக்கமான முறை அதைப் பழுது என்று ஒதுக்கிவிடும். தூணடியில் வடைச்சட்டி கொதித்துக்கொண்டிருந்தால்? கணு சொன்னது மெய், தீர்ப்புத்தான் பிழை.

அண்டை ஒப்பீட்டுக்கு வலுவான அடிப்படை உண்டு என்பதை மறுக்கவில்லை. பாஸ்கர் கிருஷ்ணமாச்சாரியும் எஸ். எஸ். ஐயங்காரும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், பத்து விழுக்காட்டுக் கணுக்கள் பழுதானாலும் பிழைகளில் 85 முதல் 95 விழுக்காடு வரை திருத்த முடியும் என்று கணினிப் பாவனையில் காட்டினர். நிகழ்வு அக்கம்பக்கத்துக் கணுக்களைச் சேர்ந்தே தொடும், பழுது தனித்தனியாக வரும் என்பதே அதன் எடுகோள். தைப்பூசத்துக்கு முதல் நாள் விடியலில் பினாங்கு ஸ்ட்ரீட் கோவில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்படும்போது இது கச்சிதமாகப் பொருந்தும். மேளமும் தேங்காய் உடையும் சத்தமும் தூணுக்குத் தூண் ஏறி இறங்கிக்கொண்டே போகும். எந்தப் பழுதும் இப்படி ரதத்தின் வேகத்தில் தெருவைக் கடப்பதில்லை.

ஆனால் பழுது எப்போதும் தனியாகத்தான் வருமா? ஒரே நாளில் மாற்றிய பேட்டரிகள் ஏறக்குறைய ஒரே வாரத்தில் தளரும். கடற்காற்றின் ஈரம் ஒரே வகைப் பெட்டிகள் எல்லாவற்றிலும் புகும். அப்போது பெரும்பான்மையே பொய் சொல்லும். அமெரிக்காவின் கிரேட் டக் தீவில் 2002இல் கடற்பறவை வளைகளில் வைத்த கணுக்கள் பல, செயலிழக்கும் முன் பொருந்தாத ஈரப்பத அளவுகளைக் காட்டின. கலிஃபோர்னியாவில் ரெட்வுட் மரத்தில் கணுக்களை வைத்து நடத்திய ஆய்விலோ தவறான அளவீடுகள் பேட்டரி மின்னழுத்தத்தோடு ஒட்டி வந்தன. இரண்டு இடங்களிலும் துப்புக் கொடுத்தது கணுவின் சொந்த உடல்நிலை.

எதிர்த்திசையிலும் ஆபத்து உண்டு. மூணாறு அந்தோணியார் காலனி மலைச்சரிவில் அமிர்தா பல்கலைக்கழகம் நிலச்சரிவைக் கண்காணிக்க உணரி வலையமைப்பை நிறுவியது. அத்தகைய சரிவில் மண் முதலில் ஓரிடத்தில் மட்டுமே அசையக்கூடும். அங்கே முதலில் விலகும் கணுவை வாக்கெடுப்பில் தோற்கடித்தால் எச்சரிக்கையே தோற்றுப்போகும். உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் இதை ஏற்க முடியாது.

ஆகவே விசாரணையின் வரிசையை மாற்ற வேண்டும் என்பதே என் வாதம். முதலில் மின்னழுத்தம், அடுத்து அந்தக் கணுவின் பழைய பதிவுகள் (வடைச்சட்டி தினமும் மாலையில்தான் ஏறுகிறதா?), கடைசியில் அண்டைக் கணுக்கள். அண்டை என்பதையும் ரேடியோ எட்டும் தூரத்தால் வரையறுக்கக் கூடாது. ஒரே நிழல், ஒரே காற்று, ஒரே அடுப்புச் சூடு உள்ளவையே அண்டை. இதற்குப் புதுக் கருவி தேவையில்லை. ஒவ்வொரு அளவீட்டோடும் மின்னழுத்தத்தைச் சேர்த்து அனுப்ப இரண்டு பைட் போதும்.