மணலில் எழுத்துப் பழகிய பாதிரியார்: தரங்கம்பாடியில் சீகன்பால்க்

நாகப்பட்டினம் என்றதும் நம்மில் பலருக்குத் தாத்தா பாட்டி கப்பலேறி வந்த கதை நினைவுக்கு வரும். அதற்கு வடக்கே சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கடற்கரை ஊர் தரங்கம்பாடி. நம் முன்னோர் தோட்டங்களுக்குப் புறப்பட்ட காலத்துக்கு வெகு முன்பே, கடல் கடந்து அந்த ஊருக்கு வந்து இறங்கினார் ஒரு ஜெர்மானியர். அவர் பெயர் பார்த்தலோமேயு சீகன்பால்க்.

அப்போது தரங்கம்பாடி டென்மார்க் வணிகக் கம்பெனியின் கையில் இருந்தது. டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடெரிக் அனுப்பி வைக்க, சீகன்பால்க்கும் அவருடைய தோழர் புளூட்சாவும் 1706 ஜூலை 9-ஆம் தேதி கரை இறங்கினர். சீகன்பால்க்குக்கு அப்போது வயது 24 கூட ஆகவில்லை. மன்னரே அனுப்பியவர்கள் என்றாலும் கோட்டை அதிகாரி முகம் கொடுத்துப் பேசவில்லை. பாதிரியார்கள் வந்தால் வியாபாரத்துக்கு இடைஞ்சல் என்பது கம்பெனிக்காரர்களின் எண்ணம்.

பிள்ளைகளோடு பிள்ளையாக

அந்நாளில் அந்தக் கரையோரத்தில் வெள்ளைக்காரர்கள் உள்ளூர் மக்களோடு பேசப் பயன்பட்டது போர்த்துகீசிய மொழி. அது மட்டும் தெரிந்தாலே காலத்தை ஓட்டிவிடலாம். சீகன்பால்க்குக்கு அது போதவில்லை. வயதான தமிழ் ஆசிரியர் ஒருவரைத் தம் வீட்டிலேயே திண்ணைப் பள்ளி நடத்தச் சொன்னார். சிறு பிள்ளைகளோடு தாமும் உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினார்.

அவருடைய அன்றாட வாழ்க்கை அவர் ஊருக்கு எழுதிய கடிதங்களில் பதிவாகியிருக்கிறது. காலையில் புதிய சொற்களைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்ப்பார். பிறகு நண்பகல் வரை தமிழ் நூல்கள். பக்கத்தில் வயதான புலவர் ஒருவரும் எழுத்தர் ஒருவரும் இருப்பார்கள். மாலையில் வெளிச்சம் குறைந்ததும், இன்னொருவர் ஓலைச்சுவடியை வாசிக்கக் கேட்டுக்கொண்டிருப்பார்.

இரண்டே ஆண்டுகளில், 1708-இல், நீதிவெண்பா, கொன்றை வேந்தன், உலகநீதி ஆகிய மூன்றையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் கொன்றை வேந்தன், 300 ஆண்டுகளுக்கு முன்பே ஜெர்மன் பேசியிருக்கிறது.

சிறையில் நான்கு மாதம்

உள்ளூர் மக்களோடு நெருங்கியதற்கு அவர் விலையும் கொடுத்தார். கணவனை இழந்த ஒரு தமிழ்ப் பெண்ணின் கடன் வழக்கில் அவளுக்காகப் பரிந்து பேசினார். எதிர்த்தரப்பு ஆள் கம்பெனியில் வேலை பார்த்தவர். கோட்டை அதிகாரி இதைக் கலகம் என்று எடுத்துக்கொண்டு, 1708 நவம்பரில் சீகன்பால்க்கைச் சிறையில் அடைத்தார். ஏறக்குறைய நான்கு மாதம் கழித்துத்தான் வெளியே வந்தார்.

தமிழர்கள் சொன்ன பதில்

சீகன்பால்க் செய்தவற்றுள் குறிப்பிடத்தக்கது ஒன்று உண்டு. அவரும் பிறகு வந்து சேர்ந்த கிரண்ட்லரும் தமிழர்களிடம் எழுத்து மூலம் கேள்விகள் கேட்டனர். கிறிஸ்துவர்களை ஏன் மதிப்பதில்லை என்பதும் அவற்றில் ஒன்று. பதில் ஒளிவு மறைவின்றி வந்தது: நீங்கள் மாட்டைக் கொன்று தின்கிறீர்கள், மது குடிக்கிறீர்கள், வெளிக்குப் போனால் கழுவுவதில்லை, இறந்தவர்களுக்குச் சடங்கு எதுவும் செய்வதில்லை. இப்படி வந்த கடிதங்களை அவர்கள் மறைக்கவில்லை. ஜெர்மன் மொழியில் பெயர்த்து அனுப்பினர். அவை ஹாலே நகரில் அச்சாகின.

மதம் மாற்றும் நோக்கத்தை அவர் கடைசிவரை கைவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால், எதிராளி என்ன நினைக்கிறார் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் பேசக் கூடாது என்பதிலும் உறுதியாக இருந்தார். தமிழ்நாட்டுத் தெய்வங்களைப் பற்றி 1713-இல் ஒரு விரிவான நூல் எழுதினார். ஹாலேயில் இருந்த மூத்தவர் பிராங்கே அதை அச்சிட மறுத்தார். அந்த நம்பிக்கைகளை ஒழிக்கத்தான் ஆள் அனுப்பினோம், ஐரோப்பாவில் பரப்புவதற்கு அல்ல என்பது அவர் நிலை. கோட்டை அதிகாரி அவரைத் தமிழர் பக்கம் சாய்ந்தவர் என்று சந்தேகித்தார். தாயகத்துப் பெரியவர்களோ வேண்டாததைக் கற்றுக்கொண்டவர் என்று நினைத்தனர்.

அச்சும் முடிவும்

அவர் தமிழில் பெயர்த்த புதிய ஏற்பாடு 1714-15-இல் தரங்கம்பாடியிலேயே அச்சானது. ஹாலேயில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் அளவில் பெரியவை. தாளுக்குத் தட்டுப்பாடு. அதனால் சிறிய எழுத்துகளை உள்ளூரிலேயே வார்க்க வேண்டியதாயிற்று.

உடல்நலம் குன்றிய சீகன்பால்க் 1719 பிப்ரவரி 23-ஆம் தேதி, 36 வயதில் காலமானார். அதற்கு முந்தைய ஆண்டு திறக்கப்பட்ட புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். தரங்கம்பாடிக்குப் போகிறவர்கள் அந்த ஆலயத்தை இன்றும் பார்க்கலாம். பிராங்கே ஒதுக்கி வைத்த நூல், எழுதியவர் இறந்து 148 ஆண்டுகளுக்குப் பிறகு, 1867-இல் சென்னையில் அச்சேறியது. அன்றைய தமிழர் என்ன வழிபட்டார்கள் என்று ஆராய்கிறவர்களுக்கு இன்றும் அது கைகொடுக்கிறது.