குழம்புநிலை வினையூக்கம்

திண்ம வினையூக்கியைப் பொடியாக்கித் திரவத்தில் கலந்து, அடியில் தங்கிவிடாதபடி கிளறிக்கொண்டே வேதிவினை நடத்தும் முறை. தூள் நுண்மையாக இருந்தால் வினை நடக்கும் பரப்பு கூடும். வினை முடிந்தபின் அந்த நுண்மையே வடிகட்டுகிறவர்களுக்குப் பாடாக முடியும். மருந்து, சாயம், செயற்கை எரிபொருள் எனப் பல தொழில்களில் இம்முறை உண்டு. தமிழ்நாட்டு வீடுகளுக்குள் இது நுழைந்தது, ஹைட்ரஜன் சேர்த்துக் கெட்டியாக்கிய எண்ணெயான வனஸ்பதியின் டின்னோடு.

தொடக்கம்: பிரெஞ்சு வேதியியலாளர் பால் சபாட்டியேயும் ழான்-பாப்தீஸ்த் செந்தரனும் 1897-இல் நிக்கல் தூளின் மேல் எத்திலீன் வாயுவையும் ஹைட்ரஜனையும் செலுத்தி இரண்டையும் சேரவைத்தார்கள். சபாட்டியேக்கு 1912-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அவர்கள் கையாண்டது ஆவி. சமையல் எண்ணெயை ஆவியாக்கப் போனால் அது கருகிச் சிதையும். ஜெர்மனியின் ஹெர்ஃபோர்டு நகரில் வில்ஹெல்ம் நோர்மன் 1901-இல் எண்ணெயைத் திரவமாகவே விட்டு, நிக்கல் தூளை அதற்குள் கலந்து ஹைட்ரஜனை ஊதினார். எண்ணெய் கெட்டிக் கொழுப்பாயிற்று. 1902-இல் ஜெர்மன் காப்புரிமை, அடுத்த ஆண்டு பிரிட்டிஷ் காப்புரிமை. பெருமையில் எவ்வளவு சபாட்டியேயுடையது, எவ்வளவு நோர்மனுடையது என்பதில் வரலாற்றாசிரியர்கள் ஒருமுகமாக இல்லை. நோர்மனின் காப்புரிமையை வாங்கிய இங்கிலாந்தின் கிராஸ்ஃபீல்டு நிறுவனம் அதைக் காக்க 1913-இல் வழக்காடித் தோற்றது. அதற்குள் அமெரிக்காவில் பருத்திவிதை எண்ணெயிலிருந்து செய்த கிரிஸ்கோ 1911-இலேயே கடைக்கு வந்துவிட்டது.

இந்தியாவில்: நெய் விலை எட்டாத குடும்பங்களுக்காக, கெட்டியாக்கிய எண்ணெய் முதலில் ஹாலந்திலிருந்து கப்பலில் வந்தது. 1931-இல் யூனிலீவர் சார்பில் இந்துஸ்தான் வனஸ்பதி நிறுவனம் பதிவாயிற்று. 1932-இல் பம்பாய் சேவ்ரி ஆலையில் உற்பத்தி தொடங்கியது. அந்நிறுவனத்தின் வனஸ்பதியாகப் பின்னர் வந்த டால்டாவின் பனைமரப் படமும் மஞ்சள் டின்னும் விளம்பரக் கலையில் தனி அத்தியாயம். தீர்ந்துபோன டின்னில் துளசி வளர்ந்ததையும் பருப்பு நிறைந்ததையும் கண்டவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். 1951-இல் திருச்சிராப்பள்ளி, ஷியாம்நகர், காஸியாபாத் வனஸ்பதி ஆலைகளையும் அதே குழுமம் வாங்கியது.

ஆலைக்குள் நடப்பது: எண்ணெயிலுள்ள புளிப்பைக் காஸ்டிக் சோடாவால் நீக்கி, நிறத்தை வெளுப்பு மண்ணால் எடுத்துவிடுவார்கள். இதில் சோம்பல் கூடாது. சோப்பு மிச்சமோ கந்தகமோ இருந்தால் நிக்கலின் பரப்பில் ஒட்டிக்கொண்டு அதைச் செயலிழக்கச் செய்துவிடும். பிறகு மூடிய உலையில் எண்ணெயைச் சூடாக்கி, அதன் எடையில் ஆயிரத்தில் ஓரிரு பங்கு அளவே நிக்கலைச் சேர்ப்பார்கள். வெறும் நிக்கல் தூள் காற்று பட்டாலே தீப்பிடிக்கும் என்பதால், கெட்டிக் கொழுப்புக்குள் புதைத்த வில்லைகளாகவே அது ஆலைக்கு வரும். உலையில் கொழுப்பு உருகும், நிக்கல் விடுபடும். காப்பாற்றிய பொருளே கரைந்து வழிவிடும் இந்த ஏற்பாட்டைப் போல அழகானது இத்தொழிலில் வேறொன்று இல்லை.

கீழிருந்து ஹைட்ரஜன் குமிழிகளாக ஏறும். எண்ணெயில் ஹைட்ரஜன் மிகக் கொஞ்சமே கரையும். கரைந்தது எண்ணெய் வழியே நகர்ந்து நிக்கல் துகளைத் தொட வேண்டும், வினை அங்கேதான். அதனால் வேகத்தை முடிவுசெய்வதில் நிக்கலுக்கு இருக்கும் பங்கு பல நேரம் கிளறும் விசிறிக்கும் இருக்கிறது. வினை தானே வெப்பத்தையும் விடும்: எண்ணெய் இன்னும் எவ்வளவு ஹைட்ரஜனை ஏற்கும் என்பதைக் காட்டும் அயோடின் எண் ஒன்று குறைந்தால் எண்ணெயின் சூடு ஏறத்தாழ 1.6 பாகை செல்சியஸ் ஏறும். குளிர்நீர்க் குழாயைத் திறக்கும் நேரம் தவறினால் கொழுப்பின் தன்மையே மாறிவிடும். இறுதியில் எல்லாம் வடிகட்டிச் சட்டங்களின் வழியே போகும். துணியில் கறுப்பாகத் தங்கும் நிக்கலைத் திரும்பவும் பயன்படுத்துவார்கள். மிஞ்சிய வாடையை நீராவியால் போக்கி, டின்னில் அடைத்து, நெய்போல் மணல்மணலாக உறைய வேண்டுமென்று மெதுவாக ஆறவிடுவார்கள்.

நெய்க் கலப்படச் சர்ச்சை: வனஸ்பதியை நெய்யில் கலந்து விற்பது பெருகியது. காந்தி 'ஹரிஜன்' இதழில் வனஸ்பதியை எதிர்த்து எழுதினார். தடைசெய்யும் கோரிக்கை நாடாளுமன்றம் வரை போயிற்று. குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடம் உட்பட நாட்டின் பல இடங்களில் எலிகளுக்கு ஊட்டிச் சோதித்தார்கள். கேடில்லை என்ற முடிவே மேலோங்கியது. எதிர்த்தவர்கள் அதை ஏற்கவில்லை.

தடை வரவில்லை, வேறொன்று வந்தது. வனஸ்பதியில் 5 விழுக்காட்டுக்குக் குறையாமல் நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும் என்பது விதியாயிற்று. சந்தேகத்துக்குரிய நெய்யை ஹைட்ரோகுளோரிக் அமிலம், ஃபர்ஃபுரால் இரண்டோடு குலுக்கினால், நல்லெண்ணெய் இருக்கும் இடத்தில் இளஞ்சிவப்பு தோன்றும். நம் எள்ளைக் காவலுக்கு வைத்த இந்த யோசனை, பெரிய கருவிகள் இல்லாத நகராட்சிச் சோதனைக்கூடங்களுக்கும் எட்டியது.

ட்ரான்ஸ் கொழுப்பு: ஹைட்ரஜன் போதாத நிக்கல் பரப்பில் சில மூலக்கூறுகள் ஹைட்ரஜனை ஏற்காமல் வடிவம் மட்டும் திரும்பி விலகிவிடும். சூடு கூடி அழுத்தம் குறைந்தால் இது பெருகும். 1990-இல் நெதர்லாந்தின் மென்சிங்க், காட்டன் இருவரும் இவ்வகைக் கொழுப்பு கெட்ட கொலஸ்டிராலை ஏற்றி நல்லதைக் குறைக்கிறது என்று காட்டினார்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் எண்ணெய், கொழுப்புகளில் இதற்கான வரம்பை 2021-இல் 3 விழுக்காடாகவும், 2022 ஜனவரி முதல் 2 விழுக்காடாகவும் இறக்கியது. தேநீர்க்கடைக் கண்ணாடிப் பெட்டியிலுள்ள பப்ஸின் அடுக்குகளுக்கும் இந்த வரம்புதான். ட்ரான்ஸ் கொழுப்பைத் தவிர்க்க, கெட்டிக் கொழுப்புக்குப் பல ஆலைகள் பாமாயிலையும் அதன் கலவைகளையும் நாடின.

பிற பயன்கள்: நிக்கல்-அலுமினியக் கலவையிலிருந்து அலுமினியத்தைக் காரத்தால் கரைத்து எடுத்து, கடற்பஞ்சு போன்ற நிக்கலை மரே ரேனி 1920-களில் உருவாக்கினார். பற்பசையில் சேரும் சார்பிடால், குளுக்கோஸ் கரைசலில் அதைக் கலந்து செய்யப்படுகிறது. தென்னாப்பிரிக்காவின் செயற்கை எரிபொருள் நிறுவனமான சாசோல் 1993-இல், உருகிய மெழுகில் இரும்பு வினையூக்கி மிதக்கும் 5 மீட்டர் விட்ட உலையை இயக்கியது.

அண்மைக் காலம்: சென்னை ஐஐடியில் தேசிய வினையூக்க ஆராய்ச்சி மையம் இயங்குகிறது. சாயக்கழிவு நீரில் டைட்டானியம் டை ஆக்சைடு தூளைக் கலந்து ஒளியால் நிறம் போக்கும் ஆய்வுகள் பல கல்லூரிகளில் நடக்கின்றன. நீர் தெளிந்த பிறகு அந்தத் தூளை முழுதும் பிரித்தெடுப்பது அங்கும் சிக்கலாகவே இருக்கிறது.