கோணமலைக் கல்லெழுத்தும் குன்றா நம்பிக்கையும்

திருக்கோணமலைப் பெருந்துறைக்குத் தெற்கே, கிண்ணியாவை அடுத்துக் கழியின் கரையில் அமைந்த ஊர் குறிஞ்சாக்கேணி. அவ்வூரில் இஸ்லாமிய மாணவர்க்கு வரலாறு கற்பிக்கும் பேறு எனக்கு வாய்த்தது. போர்த்துக்கேயர் காலத்தைப் பற்றிய பாடமொன்றில், கோணேசர் கோயிலின் அழிவை முன்னுரைப்பதாக வழங்கும் வெண்பாவை எடுத்துரைத்தேன். மாணவன் ஒருவன் எழுந்து, “சேர், அழியும் என்று எழுதிவைத்தும் அழிந்துதானே போயிற்று? பிறகு அதைப் படிப்பதால் என்ன பயன்?” என்றான். 2021ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் படகுப்பாதை கவிழ்ந்து, பள்ளி சென்ற சிறாரும் உயிரிழந்த ஊர் அது. ஆதலின் அவ்வினாவை வெறும் பாட வினாவாகக் கொள்ள என்னால் இயலவில்லை. அன்று விடை கூறாது வீடு திரும்பினேன்.

அவன் வினவிய செய்யுள் பொருள் காண்டற்கு அரியது. கோணமலையின் பெருங்கோயில் கொன்ஸ்ரன்ரைன் டி சா என்னும் போர்த்துக்கேயத் தளபதியால் இடிக்கப்பட்டது. அவ்வாண்டு 1622 என்பாரும் 1624 என்பாரும் உளர். கோயிற் கற்களைக் கொண்டே கோட்டை எழுந்தது. பிற்காலத்தே பிரட்றிக் கோட்டை எனப் பெயர்பெற்ற அதன் வாயிலில், இணைக்கயல் பொறித்த தூண் ஒன்றில் இச்செய்யுள் சிதைந்து காணப்படுகின்றது. இடித்தோரே வாயிலில் வைத்துக் கட்டியமையால் அக்கல் எஞ்சியது.

மக்கள் நாவில் வழங்கும் பாடம் ஒன்று. கல்லில் மறைந்த எழுத்துகளை நிரப்பி அறிஞர் கொண்ட பாடம் மற்றொன்று. குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பறங்கியர் அழிப்பர் என்னும் முற்பகுதியில் இரண்டும் ஒன்றுபடும். பிற்பகுதியில் வேறுபடும். மக்கள் பாடம், பூனைக்கண்ணரும் செங்கண்ணரும் புகைக்கண்ணரும் ஒருவர்பின் ஒருவராக ஆண்டு நீங்கியபின் நாடு வடுகாகும் என்று முடியும். அந்த ‘வடுகு’ யாரைக் குறிக்கும் என்பதில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. கல்லின் பாடமோ, பின்வரும் அரசர் அத்திருப்பணியை மீண்டும் இயற்ற எண்ணார் என்று முடியும். நிகழ்ந்தபின் எழுந்த செய்யுளோ என ஐயுறுவாரும் உளர். எப்பாடத்தைக் கொள்ளினும் ஆறுதல் மொழி ஒன்றேனும் அதில் இல்லை.

மறுவாரம் இரு பாடங்களையும் கரும்பலகையில் எழுதி, சொற்சொல்லாகப் பிரித்துக் காட்டினேன். கல்லின் பாடத்தை நெடுநேரம் நோக்கிய அம்மாணவன், “அரசர் எண்ணமாட்டார் என்றுதானே இருக்கிறது, சேர், சனங்களைப் பற்றி ஒன்றும் இல்லையே!” என்றான். பல்லாண்டு அச்செய்யுளைப் பயின்ற யான் காணாததை அவன் கண்டான்.

வரலாறு அவன் கூற்றுக்குச் சான்று பகர்கின்றது. கோணமலையினின்று மறைத்துக் கொணரப்பட்ட திருவுருவமே, எங்கள் கழிக்கு அப்பாலுள்ள தம்பலகாமத்தில் ஆதிகோணநாயகராக எழுந்தருளிற்று என்பது மரபு. கோயில் இல்லாத காலத்தும் பாறையின் உச்சியில் நின்று, கடலை நோக்கி மலர் சொரிந்து வழிபட்டோரைப் பற்றி ஆங்கிலேயர் எழுதிய குறிப்புகள் உள. 1950ஆம் ஆண்டு நகரசபையினர் நீருக்காகக் கிணறு வெட்டியபோது, புதைத்து வைக்கப்பெற்றிருந்த சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், அம்மை முதலிய திருவுருவங்கள் வெளிப்பட்டன. அவை ஊர்கள்தோறும் உலாவாக எடுத்துச் செல்லப்பெற்றன. 1963ஆம் ஆண்டு மார்ச்சு 3ஆம் நாள் புதுக்கோயிலிற் குடமுழுக்கு நிகழ்ந்தது. இதனை முடித்தவர் முடிவேந்தர் அல்லர், அடியவரும் ஊரவருமே.

அவர்க்கு அவ்வுறுதி எங்ஙனம் வந்தது? திருஞானசம்பந்தர் கோணமலைப் பதிகத்தை இராமேச்சுரத்தில் நின்று பாடினார் எனப் பெரியபுராணம் கூறும். மூன்றாந் திருமுறையில் இடம்பெற்ற அப்பதிகம், கடலுக்கு அப்பால் நின்று, கண்ணாற் காணாத கோயிலை உளத்தாற் கண்டு பாடியது. கோயில் இடிந்தபின் இந்நாட்டவர்க்கு வாய்த்த நிலையும் அதுவே. காணாது பாடிய பதிகம், காணமுடியாதவர்க்கு வழிபாடாக நின்றது. முந்நூறு ஆண்டுக்கு மேலாகக் கோயிலைக் காத்தது அந்த ஓதுதலே என்பது எமது துணிபு.

அரிய நூற்பகுதியை நாம் பெரும்பாலும் இரு வகையாற் கைவிடுகின்றோம். ஒன்று, விளங்கவில்லை என ஒதுக்குதல். மற்றொன்று, நமக்கு இனிய பொருளை அதன்மேல் ஏற்றிக் கூறுதல். இரண்டும் கல்வி ஆகா. கோணமலைக் கல்லெழுத்து அழிவை அழிவென்றே கூறுகின்றது. அதனை மழுப்பாது படித்தவனுக்கே, அது கூறாது விட்ட இடம் புலனாகும். அவ்விடத்தில்தான் மனிதன் செய்யவேண்டிய பணி கிடக்கின்றது.

கேணி என்பது கிணற்றைக் குறிக்கும் சொல். கோணமலையில் மண்ணுள் மறைந்தவை மீண்டதும் கிணறு வெட்டியவர் கையால் என்பதை அன்று வகுப்பிற் கூறினேன். முதல்நாள் வினவிய மாணவன் அச்செய்யுளைத் தன் குறிப்பேட்டிற் படியெடுத்து, அரசர் என்னும் சொல்லின் கீழ்க் கோடிட்டிருந்தான்.