மத்தும் கடைசல் லேத்தும்

மோரையும் கடைகிறோம், மரத்தையும் கடைகிறோம். ஏன் ஒரே சொல்? எகிப்தில் பெட்டோசிரிஸ் கல்லறைச் சிற்பத்தை (சுமார் கி.மு. 300) பாருங்க: ஒருவர் கயிற்றை மாறி மாறி இழுக்கிறார், இன்னொருவர் உளி பிடிக்கிறார். அப்படியே நம்ம தயிர் மத்துதான்!

சிக்கல் என்னன்னா, மரம் முன்னும் பின்னுமாகச் சுற்றும். உளி பாதி நேரம்தான் வெட்டும், திரும்பும்போது சும்மா விலகி நிற்கணும். ஒரே திசையில் சுற்றும் மோட்டார் லேத்தில் அந்தக் காத்திருப்பு இல்லை.

ஆனால் மோட்டார் வந்தபிறகும் கர்நாடகத்துச் சன்னபட்டணத்தில் பொம்மைக்கு மெருகேற்றும் முறை பழசுதான். வெட்பாலை மரத்தைக் கடைந்து, உப்புத்தாள் தேய்த்து, சுற்றும்போதே அரக்குக் குச்சியை அழுத்துகிறார்கள். உராய்வுச் சூட்டிலேயே அரக்கு உருகிப் படிகிறது. அடுப்பும் வேண்டாம், பிரஷ்ஷும் வேண்டாம்! (எனக்கு இதுதான் பெரிய ஆச்சரியம்.) கடைசியில் காய்ந்த தாழை ஓலையை வைத்து அழுத்தினால் பளபளப்பு வந்துவிடுகிறது.