தொட்டியிலிருந்து நீச்சல் குளம் வரை: தரைமேல் நின்ற தண்ணீரின் கதை



இந்தக் கோடையில் மட்டும் நாலைந்து பேர் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். "சார், பிள்ளைங்களுக்காக வீட்டுப் பின்னாடி வைக்கிற நீச்சல் குளம் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கோம். எது ரொம்ப நாள் உழைக்கும்? மொட்டை மாடியில வைக்கலாமா?" தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட இங்கே சேர்த்து எழுதிவிடுகிறேன். வரலாற்றைச் சொல்லாமல் நான் விடமாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

தண்ணீரை ஓரிடத்தில் நிறுத்தி அதில் இறங்கிக் குளிப்பது மிகப் பழைய ஆசை. மொகஞ்சதாரோவின் பெருங்குளத்தை ஆறாம் வகுப்பில் படித்திருப்பீர்கள். சுமார் 12 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் ஆழம். செங்கல்லை நெருக்கி அடுக்கி, தண்ணீர் கசியாமலிருக்க இயற்கையில் கிடைத்த தாரைப் பூசியிருந்தார்கள். சுவர் தாங்க வேண்டும், பூச்சு கசியாமல் காக்க வேண்டும் என்று இரண்டு வேலையையும் அவர்கள் பிரித்துப் பார்த்தார்கள். இன்று கடையில் விற்கும் குளமும் அதே கணக்குதான். இரும்புக் குழாய் தாங்குகிறது, உள்ளே இருக்கும் ஷீட் கசியாமல் காக்கிறது. நாம் வண்டிக்குப் போர்த்தும் தார்ப்பாயின் பெயரிலும் அந்தத் தார் இருக்கிறது, கவனித்தீர்களா?

நம் தமிழ் மண்ணில் சுடுமண் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கிய உறைகிணறுகள் கீழடியிலும் அரிக்கமேட்டிலும் கிடைத்திருக்கின்றன. வட்டமான உறைக்கு ஒரு பலம் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

நம் நைனார்பாளையம் பக்கத்துப் பெரியவர்களிடம் நீச்சல் எங்கே கற்றீர்கள் என்று கேட்டால் யாரும் குளத்தைச் சொல்ல மாட்டார்கள், கிணற்றைத்தான் சொல்வார்கள். இடுப்பில் கயிறு, முதுகில் சுரைக்குடுக்கை. கயிற்றின் மறுமுனை மாமன் கையிலோ அண்ணன் கையிலோ இருக்கும். கவலை ஓட்டிய காலத்தில் மாடு பின்னால் நடந்து முன்னால் இழுக்க, சாலில் ஏறிவரும் தண்ணீர் நேரே வாய்க்காலுக்குப் போய்விடும். மேலே தேக்கி வைக்க அவ்வளவு தண்ணீர் ஏது?

அதை மாற்றியது மின்சாரம். பைக்காராவில் 1932-லும் மேட்டூரில் 1937-லும் நீர்மின் உற்பத்தி தொடங்கியது. அதே 1937-ல் கோவையில் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவிலேயே செய்த முதல் மின் மோட்டாரை உருவாக்கினார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு மின்கம்பிகள் ஊர் ஊராக வந்தன. 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசமானது. மோட்டார் கொட்டகையும் அதன் முன்னால் ஒரு தொட்டியும் நம் வயல்களின் அடையாளமாயின.

அந்தத் தொட்டி எதற்கு? குழாயிலிருந்து வேகமாக விழும் தண்ணீர் வாய்க்கால் கரையை அரித்துவிடும். தொட்டியில் விழுந்து வேகம் தணிந்து, பக்கத்து மடை வழியாக ஓடினால் அரிப்பு இல்லை. விவசாயத்துக்காகக் கட்டியதில்தான் மாடு தண்ணீர் குடித்தது, துணி துவைத்தார்கள், பிள்ளைகள் குதித்தார்கள். தரைக்கு மேலே நாலடி உயரச் சுவர், இடுப்பளவு தண்ணீர், ஒரு பக்கம் விழுந்து மறுபக்கம் ஓடிக்கொண்டேயிருக்கும் புதுத் தண்ணீர். குளோரின் வேண்டாம், வடிகட்டி வேண்டாம். இன்று நீங்கள் ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்துத் தேடும் பொருள் நம் வயலில் இருந்தது!

அதைச் சாத்தியமாக்கியது சிமெண்ட். இங்கே ஒரு தோட்டக்காரரை நினைக்க வேண்டும். பிரான்சில் ஜோசப் மோனியே என்பவர் செடித்தொட்டிகள் உடைந்துபோகாமலிருக்க சிமெண்டுக்குள் இரும்புக் கம்பி வலையை வைத்துப் பார்த்தார். 1867-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அடுத்து குழாய், தண்ணீர்த்தொட்டி என்று போனார். உலகத்து அடுக்குமாடிகளுக்கெல்லாம் ஒரு முன்னோடி செடித்தொட்டிதான். இந்தியாவில் சிமெண்ட் செய்யும் முதல் முயற்சி 1904-ல் சென்னையில் நடந்தது. 1939-ல் திருச்சிப் பக்கம் டால்மியாபுரத்தில் ஆலை வந்தது. 1953-ல் பெயர் மாற்றப் போராட்டம் நடந்த கள்ளக்குடி அதுவேதான்.

ஒரு வரலாற்று ஆசிரியனாக இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் கிணறும் தொட்டியும் எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. யார் குதிக்கலாம், யார் தள்ளி நின்று ஏந்திக் குடிக்க வேண்டும் என்பதைச் சாதி முடிவு செய்த ஊர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். 1924-ல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் பொதுச்சாலை, பொதுக்கிணறு, குளம் எல்லாருக்கும் உரியவை என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தார். 1927-ல் மகாராஷ்டிரத்தின் மகாடில் டாக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு சவ்தார் குளத்து நீரை அள்ளிக் குடித்தார். ஒரு கை தண்ணீருக்குப் போராட்டம்! பெண்பிள்ளைகளின் கதை வேறு. தொட்டியில் குளிக்க விடியற்காலையிலேயே போய் வந்துவிட வேண்டும். கிணற்றில் குதித்து நீச்சல் கற்ற பெண்கள் மிகச் சிலரே.

இது நம் நாட்டு நோய் மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். அமெரிக்காவில் 1920, 30-களில் நகராட்சிகள் ஊருக்குப் பொதுவாகப் பெரிய நீச்சல் குளங்களைக் கட்டின. கறுப்பின மக்களைப் பல இடங்களில் உள்ளே விடவில்லை. 1949 ஜூனில் செயின்ட் லூயிஸ் நகரின் ஃபேர்கிரவுண்ட் பூங்காக் குளம் எல்லாருக்கும் திறக்கப்பட்ட முதல் நாளே கலவரம். 1964 ஜூன் 18-ல் செயின்ட் அகஸ்டினில் ஒரு விடுதிக் குளத்தில் கறுப்பின, வெள்ளையினப் போராட்டக்காரர்கள் சேர்ந்து இறங்கியபோது, விடுதிக்காரர் குளத்தில் அமிலத்தை ஊற்றினார். அந்தப் படம் உலகத்தை அதிர வைத்தது. மறுநாள் குடிசார் உரிமைகள் சட்ட மசோதா செனட்டில் நிறைவேறியது. பொதுக்குளங்கள் சட்டப்படி திறந்த பிறகு, பல ஊர்களில் வசதியுள்ள வெள்ளையர்கள் பொதுக்குளத்தை விட்டுத் தனிச் சங்கங்களுக்கும் தங்கள் வீட்டுப் பின்கட்டுக்கும் போய்விட்டார்கள். சில நகராட்சிகள் குளத்தையே மூடிவிட்டன. வீட்டுக் குளம் பெருகியதற்கு வருமானமும் புறநகர் வாழ்க்கையும் காரணம் என்றாலும், இதுவும் ஒரு காரணம்.

பள்ளம் தோண்டிக் கட்டச் செலவு செய்ய முடியாதவர்களுக்கு வந்ததுதான் தரைமேல் வைக்கும் குளம். அதற்கு வழிவிட்டது பிளாஸ்டிக். 1926-ல் பி.எஃப். குட்ரிச் கம்பெனியில் வேலை பார்த்த வால்டோ செமன், விறைப்பாக இருந்த பி.வி.சி.யை வளையும்படி மாற்றும் வழியைக் கண்டார். ஷீட், குழாய், ரெக்சின் எல்லாம் அதன் பிள்ளைகள். அதே குட்ரிச் கம்பெனியின் கூட்டுறவோடுதான் 1967-ல் நம் மேட்டூரில் கெம்பிளாஸ்ட் ஆலை பி.வி.சி. தயாரிக்கத் தொடங்கியது. அமெரிக்கப் பின்கட்டுக் குளமும் நம் வயல் பி.வி.சி. பைப்பும் ஒரே குடும்பம் என்று சொல்லலாம்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

முதலில் எடை. 10 அடி விட்டமுள்ள வட்டக் குளத்தில் இரண்டரை அடி தண்ணீர் நிறுத்தினால் சுமார் 5,600 லிட்டர். அதாவது 5.6 டன், ஒரு யானையின் எடைக்கும் மேல். ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 760 கிலோ சுமை. நம் வீட்டு மொட்டை மாடியில் ஆட்கள் நடமாட்டத்துக்கென்று இந்திய தர நிர்ணயப்படி எடுத்துக்கொள்ளும் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோதான். ஐந்து மடங்கு! அதனால் மாடியில் வைக்கலாமா என்று கேட்டவர்களுக்குப் பதில்: பொறியாளர் கணக்குப் போட்டு எழுதித் தராமல் வைக்கவே கூடாது. இதில் சமரசம் வேண்டாம்.

அடுத்து வடிவம். உறைகிணற்றின் பலம் என்றேனே, அது இதுதான். வட்டத்தில் தண்ணீர் எல்லாப் பக்கமும் சமமாகத் தள்ளுகிறது. பானையை நினைத்துக்கொள்ளுங்கள். சதுரத் தொட்டியில் சுவரின் நடுப்பகுதி புடைக்கும், மூலையில் விரிசல் விழும். பழைய வயல் தொட்டிகள் பெரும்பாலும் மூலையில்தான் ஒழுகின. ஆழம் இரண்டு மடங்கானால் அடியில் அழுத்தம் இரண்டு மடங்காகும். விட்டம் இரண்டு மடங்கானாலும் சுவரின் மேல் விழும் இழுப்பு இரண்டு மடங்காகும். பெரிதாக வாங்கினால் அதற்கேற்ற தடிப்பும் வேண்டும்.

காற்றடித்து நிறுத்தும் வகை மலிவு. ஒரு முள், ஒரு நாய் நகம் போதும், முடிந்தது. ஒன்றிரண்டு கோடைக்கு என்றால் சரி. துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்ச் சட்டம் கொண்டது அதைவிட நல்லது. இரும்புக்குத் துத்தநாகம் பூசுவது 1837-ல் பிரான்சின் சொரேல் காப்புரிமை பெற்ற முறை. பூச்சு சிராய்ந்த இடத்தில்தான் துரு தொடங்கும். ஆகவே இணைப்பு ஓட்டைகளைப் பார்த்து வாங்குங்கள். ஷீட் பல அடுக்கா, நடுவில் நூல் வலை இருக்கிறதா என்று கேளுங்கள்.

நம்மூரிலேயே ஒரு மாற்று உண்டு. பயோபிளாக் முறையில் மீன் வளர்ப்பவர்கள் இரும்பு வலையை வட்டமாக நிறுத்தி, உள்ளே தடித்த பி.வி.சி. தார்ப்பாயைப் போட்டு, சுமார் 4 மீட்டர் விட்டத்தில் தொட்டி வைத்திருக்கிறார்கள். அது வெயிலில் வருடக்கணக்கில் நிற்க வேண்டும் என்றே செய்யப்படுவது. அந்த வேலை தெரிந்தவரிடம் புதிதாக உயரம் குறைத்துச் செய்துகொள்ளலாம். வலைக்கும் தார்ப்பாய்க்கும் நடுவே தடுப்பு விரிப்பும், மேல் விளிம்பில் கைகால் கிழிக்காத உறையும் அவசியம்.

வைக்கும் இடத்துக்கு வருவோம். டியூப் லெவல் பிடித்து மட்டம் பாருங்கள். பள்ளத்தில் மண் நிரப்பி மட்டம் செய்யாதீர்கள், மேட்டைச் செதுக்குங்கள். நிரப்பிய மண் தண்ணீர் எடையில் அமுங்கிக் குளம் ஒரு பக்கமாகச் சாயும். கரிசல் மண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். அங்கே செம்மண்ணோ கிராவலோ கொட்டிக் கெட்டித்த மேடை வேண்டும். கோரைப்புல் இருந்தால் கிழங்கோடு தோண்டி எடுங்கள். கோரை முளை ஊசி மாதிரி ஷீட்டைக் குத்திக்கொண்டு வந்துவிடும். சலித்த மணல் பரப்பி, அதன்மேல் தார்ப்பாய் விரித்து, பிறகு குளத்தை வையுங்கள். புளியமரம், வேப்பமரத்தடி வேண்டாம். மின்கம்பிக்கு அடியில் வேண்டவே வேண்டாம்.

தண்ணீர் நிற்கும் இடம் கொசுவுக்கும் பள்ளிக்கூடம். குளோரின் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் அளவில் இருக்கட்டும், வடிகட்டி ஓடட்டும், இரவில் மூடி போடுங்கள். காலி செய்யும்போது குளோரின் போடுவதை நிறுத்தி, சில நாள் வெயிலில் விட்டு, தென்னைக்கோ வாழைக்கோ பாய்ச்சுங்கள். தண்ணீருக்கு நாம் படும் பாடு தெரிந்தவர்கள் அதைச் சாக்கடையில் விட மாட்டோம்.

கடைசியாகச் சொல்வதுதான் எனக்கு முக்கியமானது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021-ல் மட்டும் உலகில் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் ஏரியிலும் கல்குவாரிக் குட்டையிலும் மூழ்கிய பிள்ளைகளைப் பற்றிய செய்தி வருகிறது. ஒன்றைக் காப்பாற்றப் போய் இன்னொன்றும் போகிறது. கிணறுகள் வற்றி ஆழ்துளைக் கிணறுகள் வந்தபின், கயிறு பிடித்துக் கற்றுத்தந்த மாமன்களுக்கும் வேலை இல்லாமல் போயிற்று. நீச்சல் தெரியாத ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. நிறைய மழை பெய்த வருடம் ஏரி நிரம்பினால் அவர்களுக்குத் தெரிவது ஆசை மட்டும்தான், ஆழம் தெரியாது.

ஆகவே குளம் வாங்குவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இரண்டடித் தண்ணீர் பாதுகாப்பு என்று நினைத்துவிடாதீர்கள். கைக்குழந்தைக்கு ஒரு வாளித் தண்ணீரே போதும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 30 செ.மீ.க்கு மேல் தண்ணீர் நிறுத்தக்கூடிய வீட்டுக் குளத்துக்கு வேலி கட்டாயம், கடையில் வாங்கி விரிக்கும் குளமானாலும் விதிவிலக்கு இல்லை. நாமும் வேலி போடுவோம். ஏணியைக் குளித்து முடித்ததும் எடுத்து வையுங்கள். செல்போனைப் பார்க்காத பெரியவர் ஒருவர் எப்போதும் கரையில் இருக்கட்டும்.

நீச்சலைச் சொல்லிக் கொடுங்கள். பெண்பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளை, தெருக்கோடிப் பிள்ளை, வேலைக்கு வரும் அம்மாவின் பிள்ளை என்று யாரையும் வேலிக்கு வெளியே நிறுத்திப் பார்க்க வைக்காதீர்கள். 1924-ல் கேட்ட உரிமை நம் வீட்டுப் பின்கட்டிலும் செல்லுபடியாகட்டும்.

உங்கள் ஊர் மோட்டார் தொட்டியைப் பற்றி நினைவிருப்பவர்கள் கீழே எழுதுங்கள். கட்டியது எந்த வருடம், யாரெல்லாம் குளித்தார்கள், இப்போது அதில் தண்ணீர் விழுகிறதா என்று சொல்லுங்கள். அதுவும் நம் வட்டாரத்தின் வரலாறுதான்.

அனைவரும் நலமாக இருங்கள்.