ஆயிரம் தங்கக் காசும் ஒரு சவரக்கத்தியும்

ஓர் ஏழை இளைஞன். அவன் வாழ்க்கை சந்தோஷமாக அமைய நீங்கள் என்ன கொடுப்பீர்கள்? வேலை? வீடு? கை நிறையப் பணம்?

1788-ல், 82 வயதில் தன் சுயசரிதையை எழுதிக்கொண்டிருந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளின் இதற்கு ஒரு விசித்திரமான பதில் சொன்னார். அவனுக்கு ஆயிரம் கினி (அன்றைய இங்கிலாந்தின் தங்கக் காசு) கொடுப்பதைவிட, தானே சவரம் செய்துகொள்ளவும், தன் கத்தியைப் பதமாக வைத்துக்கொள்ளவும் கற்றுக்கொடுங்கள் என்றார்! காசு கரைந்துவிடும். வித்தை கரையாது. நாவிதருக்காகக் காத்திருக்க வேண்டாம். அவருடைய அழுக்கு விரல், வாய் நாற்றம், மொக்கைக் கத்தி எதையும் சகித்துக்கொள்ள வேண்டாம். இதுதான் கிழவரின் கட்சி.

மின்னலை ஆராய்ந்தவர், அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டவர், போயும் போயும் சவரக்கத்திக்கா இவ்வளவு மதிப்புக் கொடுத்தார் என்று தோன்றுகிறதா? கொஞ்சம் கவனியுங்கள். 'சவரம்' என்பதோடு அவர் நிறுத்தவில்லை. 'கத்தியைப் பதமாக வைத்துக்கொள்ள' என்றும் சேர்த்தார். விஷயமே அங்கேதான் இருக்கிறது.

அந்தக் காலத்துச் சவரக்கத்தி என்பது மடக்கி வைக்கும் நீளக்கத்தி. கடையில் புதிதாக வாங்கினாலும் அப்படியே கன்னத்தில் வைத்துவிட முடியாது. கல்லில் தீட்டி, தோலில் இழுத்து, பதம் கொண்டுவர வேண்டும். பிறகு ஒவ்வொரு சவரத்துக்கும் முன்னால் மறுபடி தோல். சில மாதங்களுக்கு ஒருமுறை மறுபடி கல். நாவிதர்களின் உண்மையான மூலதனம் கத்தி அல்ல, இந்த வித்தைதான். அது தெரியாதவன் எவ்வளவு பெரிய மனுஷனாக இருந்தாலும் அவர்கள் முன்னால் கழுத்தை நீட்டித்தான் ஆக வேண்டும்!

நல்ல கத்திக்கு முதலில் நல்ல எஃகு வேண்டுமே? 1740-களில் அதைக் கொடுத்தவர் ஒரு கடிகாரக்காரர். பெயர் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன். கடிகார ஸ்பிரிங் அடிக்கடி உடைகிறதே என்ற எரிச்சலில், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகருக்குப் பக்கத்தில் மண் மூசைகளில் எஃகை உருக்கி வார்த்துப் பார்த்தார். ஒரே சீரான, கெட்டியான எஃகு கிடைத்தது. உள்ளூர் கத்திக்காரர்களோ, 'ரொம்பக் கெட்டி, எங்களுக்கு வேண்டாம்' என்று ஒதுக்கிவிட்டார்கள். ஹன்ட்ஸ்மன் அதை பிரான்சுக்கு விற்றார். அங்கிருந்து அருமையான கத்திகள் வந்து இறங்கிய பிறகுதான் ஷெஃபீல்டுக்காரர்கள் விழித்துக்கொண்டார்கள்.

அந்த பிரான்சில், 1769-ல், ழான் ழாக் பெரே என்ற பாரிஸ் கத்திப் பட்டறைக்காரர் ஒரு புத்தகம் போட்டார். தானே சவரம் செய்துகொள்ளும் கலையைக் கற்பது எப்படி என்று. தலைப்பு அதோடு முடியவில்லை. எந்தக் கல்லில் தீட்டுவது, தோலை எப்படித் தயார் செய்வது என்பதெல்லாம் தலைப்பிலேயே நீளமாக இடம்பிடித்துவிட்டது. கற்றுக்குட்டிகள் வெட்டிக்கொள்ளாமல் இருக்க, தச்சர்களின் இழைப்புளி போலக் கத்திக்கு ஒரு மரத்தடுப்பும் யோசித்தார் மனுஷர்.

சரி, நீங்களே அந்தக் கற்றுக்குட்டி என்று வைத்துக்கொள்வோம். கையில் புதுக் கத்தி. எதிரே ஈரமான கல். இப்போது என்ன செய்வது?

கத்தியை அப்படியே கல்லில் படுக்க வையுங்கள். முதுகும் முனையும் ஒரே சமயத்தில் கல்லைத் தொட வேண்டும். கத்தியின் முதுகு தடிமனாக இருப்பது அழகுக்காக அல்ல. அது கல்லில் படிந்தால், முனைக்கு வேண்டிய கோணம் தானாக அமைந்துவிடும். கொல்லர்களின் மூளையே மூளை! முதலில் சொரசொரப்பான கல், பிறகு வழவழப்பான கல். முனை முன்னால் போக வேண்டும், கல்லின் மேல்தோலைச் சீவுவது போல. அழுத்தவே கூடாது. பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில் கிடைக்கும் மஞ்சள் கல்லுக்கு இதில் தனி மவுசு. நம் கோமேதகத்தின் உறவுக்காரரான கார்னெட் மணிகள், கண்ணுக்குத் தெரியாத அளவில் அதற்குள் விரவிக் கிடக்கின்றன. எஃகைத் தேய்ப்பது அவைதான்.

அடுத்து தோல் வார். இங்கே எல்லாமே தலைகீழ். முதுகு முன்னால், முனை பின்னால். மறந்துபோய் மாற்றித் தள்ளினால் வார் அறுந்துவிடும். ஒவ்வொரு இழுப்பின் முடிவிலும் கத்தியை முதுகின் மேல்தான் புரட்ட வேண்டும். வாரை விறைப்பாகப் பிடிக்க வேண்டும். தொய்ந்தால் முனை உருண்டு மழுங்கிவிடும். கற்றுக்குட்டிகளின் வாரில் தழும்புகள் ஏராளமாக இருப்பது இதனால்தான். வசதியானவர்கள் ஏழு கத்திகள் அடங்கிய பெட்டியே வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு கிழமையின் பெயர்!

இந்த வித்தைக்கு முற்றுப்புள்ளி வைத்தவர் ஒரு சேல்ஸ்மேன். 1895-ல், அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், கிங் கேம்ப் ஜில்லெட் காலையில் சவரம் செய்யக் கத்தியை எடுத்தார். மொக்கை. தோலில் இழுத்துச் சரிப்படுத்தும் நிலையையும் தாண்டிவிட்டது. நாவிதரிடமோ கத்திக்கடையிலோ கொடுத்துக் கல்லில் தீட்டி வாங்க வேண்டும். தீட்டவே தேவையில்லாமல், மழுங்கியதும் தூக்கி எறிகிற மெல்லிய தகடு இருந்தால்? அவருடைய யோசனை பிறந்தது அந்த நிமிடத்தில்தான்.

'அவ்வளவு மெல்லிய எஃகுக்குக் கூர் ஏற்ற முடியாது' என்று நிபுணர்கள் கையை விரித்தார்கள். வில்லியம் நிக்கர்சன் என்ற இன்ஜினீயர் இயந்திரம் செய்து சாதித்துக் காட்டினார். 1903-ல் விற்றது 51 ரேசர், 168 பிளேடு. அவ்வளவுதான்! ஆனால், முதல் உலகப்போரில் 1918-ல் அமெரிக்க அரசு தன் வீரர்களுக்காக வாங்கியது 35 லட்சம் ரேசர்கள். போர் முடிந்து ஊர் திரும்பியவர்கள் மறுபடி கல்லையும் தோலையும் தேடுவார்களா என்ன?

ஒரு சந்தேகம் வரலாம். முடி மென்மையானது, எஃகு உறுதியானது. பிறகு ஏன் முனை மழுங்குகிறது? 2020-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொன்னார்கள். பிளேடு எஃகைவிட முடி சுமார் 50 மடங்கு மென்மைதான். ஆனால், அது வளைந்து ஒரு கோணத்தில் முனையைத் தாக்கும்போது, எஃகின் பலவீனமான இடங்களில் பொடிப் பொடியாகப் பிய்ந்துவிடுகிறது. ஆக, எந்தக் கத்திக்கும் மழுங்குவது விதி. தீட்டுவதா, தூக்கி எறிவதா என்பதில்தான் வித்தியாசம்.

நம்மூர் சலூன்களில் சரக் சரக்கென்று சத்தம் போட்ட தோல் வாரும், எய்ட்ஸ் பயம் பரவிய பிறகு மெல்ல மெல்லக் காணாமல் போனது. இப்போது ஆளுக்கொரு பிளேடை ஒடித்து மாட்டுகிறார்கள். ஆரோக்கியத்துக்கு அதுதான் நல்லது, சந்தேகமில்லை.

ஃபிராங்க்ளின் கற்றுக்கொடுக்கச் சொன்னது இரண்டு விஷயங்கள். முதலாவதை, அதாவது தானே சவரம் செய்துகொள்வதை, ஜில்லெட் உலகம் முழுவதற்கும் சுலபமாக்கிக் கொடுத்தார். இரண்டாவதை, அந்தத் தீட்டும் வித்தையை, நம் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். அடுத்த தடவை பிளேடு பாக்கெட்டுக்குக் காசு கொடுக்கும்போது கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அந்த ஆயிரம் கினியைத்தான் நாம் சில்லறை சில்லறையாகக் கட்டிக்கொண்டிருக்கிறோம்!